கோடு போட்டுத் தடுத்தால் சொந்தப் படையின் டிஷ்ஷும் மாட்டுகிறது: ஸ்டார்லிங்க் ப்ராஜெக்டில் உதவி தேவை

கவிநயா:

வணக்கம். எம்.டெக். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு உக்ரைன் போரை எடுத்திருக்கிறேன். உக்ரைன் படையும் மருத்துவமனைகளும் நம்பியிருக்கும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க்கை ரஷ்யப் படையும் பயன்படுத்துவதாக, 2024 பிப்ரவரியில் உக்ரைன் ராணுவ உளவுத்துறை ஒட்டுக்கேட்ட உரையாடலோடு சொன்னது. ரஷ்ய அரசோடும் ராணுவத்தோடும் எந்த வியாபாரமும் இல்லை என்றது ஸ்பேஸ்எக்ஸ். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மூன்றாம் நாட்டுக் கடையில் யாரோ வாங்கி, கைமாறி, போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அப்படிப்பட்ட டெர்மினலை, அதாவது செயற்கைக்கோளோடு இணைக்கும் டிஷ் சாதனத்தை, எதை வைத்துப் பிரிப்பது?

நிஜத் தரவு கிடைக்காது. அதனால் 4,000 டெர்மினல்களுக்கு நானே மாதிரித் தரவு தயாரித்தேன். முதல் விதி, போர்முனைக் கோட்டுக்கு ரஷ்யப் பக்கம் இருந்தால் துண்டிப்பது. கோட்டை ஒட்டி நிற்கும் உக்ரைன் பிரிவுகள்தான் கொத்தாக மாட்டின. இரண்டாவது விதி, வெளிநாட்டில் வாங்கியதைச் சந்தேகிப்பது. அது இன்னும் மோசம். உக்ரைனுக்குப் போன டிஷ்களில் ஏராளமானவை போலந்து வாங்கிக் கொடுத்தவை, தன்னார்வலர்கள் காசு சேர்த்து அனுப்பியவை. மூன்று வாரமாக இங்கேயே நிற்கிறேன். எங்கே தப்பு?

முத்துவேல்:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல். உன் கோடு தினமும் நகர்கிறதா, இல்லை ஒரே கோப்பில் உறைந்து கிடக்கிறதா? 2022 இலையுதிர் காலத்தில் உக்ரைன் படை வேகமாக முன்னேறி ஊர்களை மீட்டபோது, மீட்ட இடத்திலேயே இணைப்பு அறுந்ததாகச் செய்தி வந்தது. வீரர்கள் முன்னே போய்விட்டார்கள், சேவை வரைபடம் பின்னாலேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் இணைப்பு போனால் காயம்பட்டவனை எடுக்க வண்டி கூப்பிட முடியாது. உன் தரவில் தவறாக மாட்டும் ஒவ்வொரு வரியும் அப்படி ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு விதியை எழுது.

நான் செயற்கைக்கோள் தொடர்பில் வேலை பார்த்தவன். டெர்மினல் எங்கே இருக்கிறது என்பது கஷ்டமான கேள்வியே இல்லை. இடம் தெரியாமல் வலையமைப்பால் அதற்குச் சேவை கொடுக்கவே முடியாது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் கஷ்டம். பதுங்குகுழியில் கைப்பற்றிய டிஷ் நேற்றுவரை உக்ரைன்காரருடையது. சந்தாவும் அவர் பெயரில்தான் ஓடும்.

கவிநயா:

ஒரே கோப்புதான் அண்ணா. நகரும்படி மாற்றினேன், கொஞ்சம் குறைந்தது. ஆனால் இரு தரப்பும் கலந்து கிடக்கும் அந்தச் சில கிலோமீட்டர் பட்டையில் இன்னும் குழப்பம்தான்.

ஷிபானா:

வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2026 ஜனவரியில் ரஷ்ய ட்ரோன்களின் மேல் ஸ்டார்லிங்க் பொருத்தியிருப்பது பெரிய பிரச்சினையானது. ட்ரோனின் ரேடியோ இணைப்பைக் கீழிருந்து ஜாமர் (அலையைக் குலைக்கும் கருவி) வைத்துக் கெடுக்கலாம். இந்த ஆன்டெனா வானத்தைப் பார்த்து இருப்பதால் அதைக் கெடுப்பது ரொம்பக் கடினம். ஓட்டுபவர் வெகுதூரத்தில் உட்கார்ந்து கேமராவில் பார்த்தபடியே இலக்கு வரை கொண்டுபோகலாம். அதற்கு முதல் தடுப்பாக வந்தது வேக வரம்புதான். மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டருக்கு மேல் நகரும் டெர்மினல் நின்றுவிடும்.

கவிநயா:

அக்கா, நன்றி! ட்ரோன்கள் அழகாகப் பிரிந்தன. ஆனால் என் மாதிரியில் ரயிலும், நெடுஞ்சாலையில் விரையும் ஆம்புலன்ஸும் சேர்ந்து மாட்டுகின்றன. பதுங்குகுழியில் அசையாமல் இருக்கும் டிஷ்ஷோ தப்பிவிடுகிறது.

இளங்கோ:

தரையிலிருந்து அலையைப் பிடித்துத் திசை கண்டுபிடிக்க முடியாதா?

முத்துவேல்:

முடிந்தவரை முயல்கிறார்கள் தம்பி. ஆனால் அலை குறுகிய கற்றையாக மேலே போகிறது. பக்கவாட்டில் கசிவது சொற்பம். அதைவிட டிஷ்ஷோடு வரும் வைஃபைதான் காட்டிக்கொடுக்கும். அதுவும் பக்கத்தில் போனால்தான். 2023-இல் அமெரிக்காவின் மான்செஸ்டர் போர்க்கப்பலில் மூத்த மாலுமிகள் சிலர் அனுமதியில்லாமல் ஒரு ஸ்டார்லிங்க் டிஷ்ஷை மேல்தளத்தில் பொருத்தி, ஸ்டிங்கி என்ற பெயரில் வைஃபை ஓட்டினார்கள். மாதக்கணக்கில் ஓடியது. வேறொரு முறையான சாதனத்தைப் பொருத்த வந்த ஊழியர் கண்ணால் பார்த்த பிறகுதான் அகப்பட்டது. சொந்தக் கப்பலிலேயே இந்த நிலை என்றால், கிலோமீட்டர் தள்ளி எதிரி மரத்தடியில் வைத்திருப்பதை என்ன சொல்வது.

கவிநயா, நீ எதிரியைத் தேடுகிறாய். எதிரியின் டிஷ்ஷும் நண்பனின் டிஷ்ஷும் ஒரே பெட்டி, ஒரே அலை, ஒரே மாதிரிப் பயன்பாடு. தேடினால் கிடைக்காது. கேள்வியைத் திருப்பிப் போடு. 2026 பிப்ரவரியில் உக்ரைன் செய்தது அதுதான். பாதுகாப்பு அமைச்சர் ஃபெடோரோவ் ஸ்பேஸ்எக்ஸோடு பேசி அனுமதிப் பட்டியல் கொண்டுவந்தார். பொதுமக்கள் அரசுச் சேவை மையத்தில் பதியலாம், நிறுவனங்கள் இணையத்தில் பதியலாம், ராணுவத்துக்குத் தனி வழி. பட்டியலில் இல்லாதது உக்ரைனுக்குள் எங்கிருந்தாலும் இயங்காது. அது நடைமுறைக்கு வந்ததும் ரஷ்யத் தரப்பில் இணைப்புப் போனது என்று அவர்கள் பக்கத்துப் போர்ப் பதிவர்களே புலம்பினார்கள். விலையும் இருந்தது. சொந்தக் காசில் வாங்கி, இன்னும் பதியாமல் இருந்த உக்ரைன் வீரர்களின் டிஷ்ஷும் சேர்ந்து இணைப்பை இழந்தது. பதிய எத்தனை நாள் அவகாசம் என்பதை உன் மாதிரியில் ஒரு அளவாக வை.

கவிநயா:

வைத்தேன் அண்ணா. நேற்று இரவு ஓட்டிப் பார்த்தேன். பட்டை முழுக்கத் தெளிந்துவிட்டது. அவகாசம் குறைந்தால் சொந்தப் பிரிவுகள் அதிகம் இணைப்பை இழக்கின்றன, கூடினால் எதிரியின் டிஷ்கள் அதிக நாள் ஓடுகின்றன. இதை வரைபடமாகவே போடலாம்.

ஆனால் இன்னொன்று படித்தேன், தூக்கமே வரவில்லை. ரஷ்யாவிடம் சிக்கிய போர்க்கைதிகளின் குடும்பங்களை மிரட்டி, அந்தக் குடும்பத்தார் பெயரில் டெர்மினலைப் பதியச் சொல்வதாக உக்ரைனின் போர்க்கைதிகள் ஒருங்கிணைப்புத் தலைமையகம் எச்சரித்திருக்கிறது. மகன் அங்கே கைதி, அம்மா இங்கே சேவை மைய வரிசையில். பட்டியலில் அந்த டிஷ் நல்ல டிஷ். என் விதி இதை எப்படிப் பார்க்கும்?

ஷிபானா:

பதிந்தவர் வீடு ஒரு மாவட்டத்தில், டெர்மினல் போர்முனையில், அவர் படையிலும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் என்று குறித்து, ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

முத்துவேல்:

அதை உன் தரவு அட்டவணையில் இரண்டு பத்தியாகப் (column) பிரி. டெர்மினலுக்கு ஒன்று, பதிந்தவருக்கு ஒன்று. டெர்மினலை உடனே துண்டி, அதில் தயங்காதே. பதிந்தவர் பத்தியில் 'எதிரி' என்று எழுதாதே. அந்தத் தாயே வந்து மிரட்டலைச் சொல்ல ஒரு வழி வேண்டும்.

கவிநயா:

இப்போது அந்தப் பத்தியில் 'மிரட்டப்பட்டிருக்கலாம், ஆள் நேரில் போய்ப் பேசவும்' என்று வருகிறது அண்ணா. ரயிலையும் ஆம்புலன்ஸையும் முன்கூட்டியே பதிந்தவையாக வைத்து வேக விதியிலிருந்து விலக்கிவிட்டேன். திங்கட்கிழமை வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டுகிறேன்.