பிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்கிறது, பிளக் பேஸில் எர்த் வயரே இல்லை

உப்புவெளியில் பழைய வீடு. வெறுங்காலோடு பிரிட்ஜைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஏறுகிறது, செருப்புப் போட்டால் ஒன்றுமில்லை. மெயினை நிறுத்திவிட்டு 13 அம்பியர் பிளக் பேஸைக் கழற்றினேன், சிவப்பும் கறுப்பும் மட்டும்தான், எர்த் ஆணி வெறுமையாக இருக்கிறது. வயரிங் செய்பவர் கறுப்பிலிருந்து ஒரு துண்டு இழுத்து அதில் முறுக்கினால் போதும் என்கிறார். சரியா அண்ணாமார்?

பதில் 1:
ஐயோ, வேண்டாம் தம்பி! சிவப்பு லைவ், 230 வோல்ட் வருவது அதில்தான். கறுப்பு நியூட்ரல், திரும்பிப் போகும் வழி. நியூட்ரலையும் எர்த் ஆணியையும் அப்படித் தொடுத்த பிறகு எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் பிரிட்ஜ் உடம்பு முழுக்க லைவ். லைவ் வயர் பிரிட்ஜ் பாடியில் பட்டாலும் கசிவு நியூட்ரல் வழியே திரும்புவதால், போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிடும் ட்ரிப் சுவிட்சுக்கு வித்தியாசமே தெரியாது.

பதில் 2:
மெயின் போர்டிலிருந்து பச்சை-மஞ்சள் வயரைத் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். அதற்கு முதல் வெளியே மண்ணில் அடித்திருக்கும் எர்த் கம்பியைப் பாருங்கள். எங்கள் வீடு கடற்கரையோரம், உப்புக் காற்றில் வயரைக் கம்பியோடு பிடிக்கும் கிளாம்ப் பச்சை பூத்து, கையால் தட்டக் கழன்று விழுந்தது. புது வயர் என்றால் லைவ் மண்ணிறம், நியூட்ரல் நீலம், பழைய நிறத்தோடு குழப்ப வேண்டாம்.

கேட்டவர்:
கம்பியைத் தேடினேன், மல்லிகைப் பந்தலுக்குள் துருப்பிடித்துக் கிடக்கிறது. வேறு ஆளைக் கூப்பிடுகிறேன். அதுவரை பிரிட்ஜ் பிளக்கைக் கழற்றியாயிற்று, மீன் பக்கத்து வீட்டில்.