கர்ளாவி உண்மையில் என்ன சொன்னார்? அரபி தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். 2022-இல் தோஹாவில் காலமான எகிப்திய அறிஞர் யூசுஃப் அல் கர்ளாவி பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2004 ஜூலையில் அவர் லண்டன் வந்தபோது மேயர் கென் லிவிங்ஸ்டன் வரவேற்றார். பத்திரிகைகள் பலவோ வெறுப்பைப் பரப்புபவர் என்று எழுதின. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறு வேறு ஆட்களோ என்று தோன்றுகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலைக் கண்டித்து, காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னவர் அவர். இஸ்ரேலில் பாலஸ்தீனர்கள் நடத்திய தற்கொலைத் தாக்குதல்களை நியாயப்படுத்தியவரும் அவரேதான். ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். (பாராட்டியவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.)

என் சிக்கல் சொற்களில் இருக்கிறது. அவர் ‘இந்திஹார்’ (தன்னுயிரை மாய்த்துக்கொள்வது) வேறு, ‘இஸ்திஷ்ஹாத்’ (மார்க்கத்துக்காக உயிர்த்தியாகம் செய்வது) வேறு என்று பிரித்துப் பேசுகிறார். செய்திகளில் இரண்டுமே ‘தற்கொலை’ ஆகிவிடுகின்றன. அந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை, ஆனாலும் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டுமே.

அல் ஜஸீராவில் அவர் பேசிவந்த ‘ஷரீஅத்தும் வாழ்வும்’ நிகழ்ச்சியின் அரபி எழுத்து வடிவம் யாரிடமாவது இருக்கிறதா? இரண்டு பக்கம் என்னோடு உட்கார்ந்து படித்துச் சொன்னாலும் போதும். மத்ரஸாவில் ஓதியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம்.