மார்பில் வரைந்த கோடு

மெல்போர்ன் வந்த புதிது. மழைக்கு ஒதுங்கத்தான் ஃபெடரேஷன் ஸ்குவேர் கலைக்கூடத்துக்குள் நுழைந்தேன். உள்ளே எட்டு மீட்டர் அகலத்தில் ஓர் ஓவியம்: கறுப்புப் பரப்பு, அதில் வெறும் வெள்ளைக் கோடுகள், பின்னிப் பின்னிப் போகின்றன. 1995இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே வரைந்தது. மண்ணுக்கடியில் ஓடும் ஒருவகைக் கிழங்கின் வேர்களாம். 'காமே' என்பதே அந்தக் கிழங்கின் விதையைக் குறிக்கும் பெயர். எனக்கோ, உண்மையைச் சொன்னால், கிறுக்கல் மாதிரிதான் பட்டது. ஐந்து நிமிடத்தில் காபி குடிக்கக் கிளம்பிவிட்டேன்.

— அவசரப்பட்டுவிட்டீர்கள்! நான் ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸாக இரண்டு வருடம் இருந்தேன். எமிலியின் ஊரான யுட்டோப்பியா அங்கிருந்து வடகிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறை பெண்கள் எல்லோரும் பார்க்கலாம் என்று ஒரு சடங்கு ஆட்டத்துக்கு அழைத்தார்கள். ஆட்டத்தை விட அதற்கு முன்னால் நடந்ததுதான் மனதில் நிற்கிறது. வயதான அம்மா ஒருவர் காவிப்பொடியைக் கொழுப்பில் குழைத்து, எதிரே உட்கார்ந்தவரின் தோளிலும் மார்பிலும் விரலால் கோடு இழுக்கிறார். கூடவே பாட்டு. பாட்டு நின்றால் விரலும் நிற்கிறது. சடங்கு, பாட்டு, கோடு எல்லாம் சேர்ந்துதான் 'அவெல்யே'. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் நிலத்துக்குரிய கோடு. அடுத்தவருடையதை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. படமெடுக்கப் போனை எடுத்தேன், அந்த அம்மாவின் ஒரு பார்வைதான், பைக்குள் போய்விட்டது. 1979இல் நில உரிமை விசாரணையில், இந்த மண் எங்களுடையது என்பதற்குச் சாட்சியாக யுட்டோப்பியாப் பெண்கள் அவெல்யேவைத்தான் ஆடிக் காட்டினார்கள். பத்திரம் கேட்கிறவர்களுக்கு வேறென்ன காட்டுவது?

— அப்படியானால் எமிலியும் முதலில் உடம்பில்தான் வரைந்திருப்பார், இல்லையா?

— ஆமாம். ஆயுள் முழுக்க அதுதான். 1977இல் பாத்திக் கற்றுக்கொடுத்தார்கள், உருக்கிய மெழுகால் துணியில் வரைந்தார். கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கைக்கு வந்தது 1988 வாக்கில், எழுபதைத் தாண்டிய பிறகு. 1996இல் போய்விட்டார். கேன்வாஸைத் தரையில் விரித்து உட்கார்ந்துதான் வரைவார். என்ன வரைகிறீர்கள் என்று கேட்டால் கிழங்கு, பல்லி, புல்விதை, ஈமு என்று அடுக்கி, எல்லாமும்தான் என்பாராம்.

— நேற்று மறுபடி போனேன். இந்த முறை அவருடைய கோடுகளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு கோடு போகப்போக மெலிந்து, பட்டென்று தடிக்கிறது. வண்ணம் தீர்ந்து தூரிகையை மறுபடி தோய்த்த இடம். காபிக் கடைக்குப் போக மறந்தே போனது.