குவேக்கர் விவசாயக் குடும்பத்தின் பூர்வீகம் தேட உதவி வேண்டும்

வணக்கம். என் கணவரின் அம்மா வழி முன்னோர்கள் பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுன்டியில் விவசாயம் செய்த குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்). 1740களின் ஒரு திருமணச் சான்று வரை வந்துவிட்டேன். வந்திருந்த அத்தனை பேரும் அதில் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார்கள், நம் மொய் நோட்டு மாதிரி! ‘முதல் மாதம்’ என்றிருந்ததை ஜனவரி என்று குறித்து ஏமாந்தேன். 1752க்கு முன் அவர்களுக்கு அது மார்ச்.

சரி, அவர்கள் இங்கிலாந்தில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? இடம்பெயர்கிறவர்கள் பழைய சபையில் சான்றிதழ் வாங்கிவந்து புதிய சபையில் கொடுப்பது வழக்கம். அது கிடைத்தால் ஊர் தெரிந்துவிடும். ஸ்வார்த்மோர் கல்லூரியின் குவேக்கர் நூலகத்தில் தேடிய அனுபவம் யாருக்காவது உண்டா? சபையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூட்டம் நடத்திக் குறிப்பேடு வைத்தார்கள்; அந்த இரண்டில் எதை முதலில் பார்க்கலாம்?