சாண்ட்விச் ஊர்க் கண்ணாடி ஆலையை மூடவைத்தது வேலைநிறுத்தம்தானா?

கேள்வி:
அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கேப் காட் கடலோரத்தில் சாண்ட்விச் என்று ஒரு சின்ன ஊர். 1825-இல் டெமிங் ஜார்வ்ஸ் அங்கே தொடங்கிய கண்ணாடி ஆலை நாடு முழுக்கப் பேர் வாங்கி, 1888-இல் மூடிவிட்டது. படித்த இடத்திலெல்லாம் வேலைநிறுத்தம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அறுபது வருடம் தாண்டிய ஆலை ஒரு வேலைநிறுத்தத்தில் படுத்துவிடுமா? அப்புறம், கடற்கரை மணலுக்காகத்தான் அந்த ஊரைப் பிடித்தாரா?

பதில் 1:
மணலுக்காக இல்லை. அந்த ஊர் மணல் நல்ல கண்ணாடிக்கு ஆகாது, நியூ ஜெர்சியிலிருந்தும் பிறகு பெர்க்‌ஷயர் பக்கமிருந்தும் வரவழைத்தார்கள். ஜார்வ்ஸ் கண்ணு வைத்தது காட்டின் மேல். உலை ராப்பகலாக எரிய வேண்டும், விறகு பக்கத்திலேயே கிடைத்தது, சரக்கை பாஸ்டனுக்கு அனுப்பக் கடல்வழியும் இருந்தது. பிற்பாடு நிலக்கரிக்கு மாறினார்களே, அங்கேதான் சிக்கல். அதையும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். மேற்கே பிட்ஸ்பர்க் ஆலைகளுக்கோ நிலக்கரி காலடியில். 1880-களில் ஒஹாயோவின் ஃபின்ட்லே மாதிரி ஊர்களில் இயற்கை எரிவாயு கிடைத்ததும், 'வாயு இலவசம், வந்து ஆலை போடுங்கள்' என்று கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். (அந்த வாயு சில வருடங்களிலேயே தீர்ந்துபோனது வேறு கதை.)

பதில் 2:
எரிபொருளோடு தொழில்நுட்பத்தையும் சேருங்கள். சாண்ட்விச் பேர் வாங்கியது அச்சுக் கண்ணாடியால். உருகிய கண்ணாடியைக் கத்தரியால் வெட்டி அச்சில் விழவிட்டு, நெம்புகோலை இழுத்து அழுத்தினால் தட்டு தயார், ஊதிச் செய்ய வருடக்கணக்கில் பழகிய கை தேவையில்லை. ஆனால் அச்சின் குளிர்ச்சி பட்டு மேலே சுருக்கம் விழும், கத்தரித் தழும்பும் தெரியும். அதை மறைக்கத்தான் பின்னணி முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளி வைத்தார்கள், லேஸ் துணி போல மினுங்கும். அப்போது தேநீரைச் சாஸரில் ஊற்றிக் குடிப்பது வழக்கம், கோப்பையை வைக்கவென்றே உள்ளங்கை அகலத்தில் குட்டித் தட்டுகள் செய்தார்கள். இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அலைவது அவற்றுக்குத்தான். இவர்கள் சரக்கு ஈயம் கலந்த கண்ணாடி. 1864-இல் வீலிங் நகரில் வில்லியம் லெய்ட்டன் ஈயமில்லாமல் சோடா, சுண்ணாம்பு வைத்தே பளிச்சென்ற மலிவுக் கண்ணாடி செய்துகாட்டிவிட்டார். அதற்கப்புறம் விலையில் போட்டி போட இவர்களால் எப்படி முடியும்?

கேட்டவர்:
சரி, ஜார்வ்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில் 2:
அவர் 1858-லேயே கோபித்துக்கொண்டு வெளியேறி, அதே ஊரில் போட்டியாகக் கேப் காட் கிளாஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1869-இல் அவர் இறந்ததோடு அதுவும் போயிற்று.

பதில் 3:
வேலைநிறுத்தத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். தொழிற்சங்கம் கேட்ட நிபந்தனைகள் மேற்கே லாபத்தில் ஓடிய ஆலைகளுக்குத் தாங்கும், இவர்களுக்குத் தாங்காது. வேலைநிறுத்தத்தால் உலையை அணைக்க நேர்ந்தால் திரும்பப் பற்றவைக்க மாட்டோம் என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது, வெறும் மிரட்டல் என்றே பலர் நினைத்தார்கள். 1888 ஜனவரியில் அணைத்தார்கள், சொன்னபடியே விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் நிர்வாகத்துக்கு அது வசதியான சாக்கு. பிறகு சிலர் சின்ன அளவில் மறுபடி தொடங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை.