போலந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எக்ஸ்ட்ராகிளாசாவை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி (போஸ்னானிலிருந்து): அண்ணா, வேலைக்காகப் போஸ்னான் வந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் முழுக்கக் கால்பந்துப் பேச்சுத்தான். ஒரு பெயரும் பிடிபடவில்லை. ஊரில் இருந்தபோது இங்கிலாந்து லீக் மட்டுமே பார்ப்பேன். இந்த நாட்டின் முதல் பிரிவு லீக்கான எக்ஸ்ட்ராகிளாசாவைப் பின்தொடர்வதில் பயன் உண்டா? அரங்கத்துக்குப் போனால் பிரச்சினை வருமா?

பதில்: தம்பி, கட்டாயம் பாருங்கள். ஆட்டத்தின் தரத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மான்செஸ்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும். பந்து தவறான காலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத லீக் இது. அந்தச் சுவை பிடித்துவிட்டால் விடாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 2023-24 பருவத்தின் கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். உங்கள் சக ஊழியர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் 18 அணிகளில் யாகியெலோனியா பியாவிஸ்டோக் 14ஆம் இடம், ஷ்லோன்ஸ்க் வ்ரோட்ஸ்வாஃப் 15ஆம் இடம். கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்பது விதி. ஆக ஷ்லோன்ஸ்க் தப்பியது ஒரே ஒரு படியில். அந்த இரண்டு அணிகளும்தான் மறு பருவத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன! இரண்டுக்கும் 63 புள்ளிகள். பட்டம் யாகியெலோனியாவுக்கு. 1920இல் தோன்றிய அந்தக் கிளப் முதன்முறையாக நாட்டின் சாம்பியன் ஆனது.

பியாவிஸ்டோக் என்பது பெலாரஸ் எல்லைக்கு அருகே, கிழக்கு மூலையில் இருக்கும் ஊர். வார்சாக்காரர்கள் அதைப் பட்டிக்காடு என்று கிண்டல் செய்வார்கள். பயிற்சியாளர் ஆத்ரியான் ஷெமியெனியெத்ஸுக்கு அப்போது வயது 32. தற்காத்து ஆடிப் பிழைக்கும் வழக்கத்தை விட்டு, 34 ஆட்டங்களில் 77 கோல் அடிக்க வைத்தார். இரண்டாம் இடம் பெற்ற ஷ்லோன்ஸ்க் அடித்தது 50. அந்த 50இல் 19 கோல்கள் எரிக் எக்ஸ்போசிட்டோ என்ற ஒரே ஸ்பானியருடையவை. குளிர்கால இடைவேளைக்குப் போகும்போது ஷ்லோன்ஸ்க்தான் முதலிடத்தில் இருந்தது. வசந்தத்தில் கால் தடுக்கியது. நான் வ்ரோட்ஸ்வாஃபில் வசிப்பவன், இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

உங்கள் ஊரான போஸ்னானுக்கு அந்தப் பருவத்தின் கடைசி நாளான 2024 மே 25 மறக்க முடியாதது. லெஹ் போஸ்னான் சொந்த மைதானத்தில் கோரோனா கியெல்ட்ஸெயிடம் 1-2 என்று தோற்றது. அந்த வெற்றியால் கோரோனா தரம் இறங்காமல் தப்பியது. பதிலாக இறங்கியது யார் தெரியுமா? அதே போஸ்னான் நகரின் இன்னொரு அணியான வார்த்தா. வார்த்தா அன்று பியாவிஸ்டோக்கில், சாம்பியனாகப் போகிறவர்களிடம் 0-3 வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே மாலையில் ஊரின் இரண்டு அணிகளுக்கும் அடி. மறு ஆண்டு அப்படியே தலைகீழ்: டென்மார்க்கிலிருந்து வந்த நீல்ஸ் ஃபிரெடரிக்சனின் பயிற்சியில் லெஹ் 70 புள்ளிகளோடு சாம்பியன், 69 புள்ளிகளோடு ராக்குஃப் இரண்டாம் இடம். முந்தைய ஆண்டு பட்டத்தைக் கைநழுவவிட்ட ஷ்லோன்ஸ்க் 2025 மே மாதத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

இதனால்தான் ஜெயிக்கும் அணியைத் தேடிப் பிடிக்காதீர்கள் என்று சொல்கிறேன். குடியிருக்கும் ஊரின் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். "எந்த அணி?" என்று இங்கே கேட்டால், "எந்த ஊரில் இருக்கிறாய்?" என்று கேட்பதாகவே பொருள். போஸ்னானில் இருந்துகொண்டு தலைநகர் அணியான லெகியா வார்சா பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிலர் சிரிக்கவும் மாட்டார்கள்.

லெஹ் அணிக்குக் "கொலேயோஷ்" என்று செல்லப்பெயர். ரயில்வே தொழிலாளர்களோடு வளர்ந்த கிளப். புல்கார்ஸ்கா தெருவில் இருக்கும் அரங்கத்தில் 40,000 பேருக்கு மேல் உட்காரலாம், டிராமிலேயே போய்விடலாம். மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் கோத்துக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2010இல் யூரோப்பா லீக் ஆட்டத்துக்குப் போன லெஹ் ரசிகர்களைப் பார்த்துத்தான் அவர்கள் அதைக் கற்றார்கள். அங்கே அதன் பெயரே "போஸ்னான்". அலுவலகத்தில் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அன்றைய காபி உங்களுக்கு இலவசம்.

இனி நடைமுறை. பருவம் ஜூலையில் தொடங்கி மே மாதத்தில் முடியும். டிசம்பர் நடுவிலிருந்து ஏறக்குறைய பிப்ரவரி வரை ஆட்டம் இல்லை. ஒரு சுற்று ஆட்டங்கள் பொதுவாக வெள்ளியிலிருந்து திங்கள் வரை பரவியிருக்கும். பெரும்பாலான ஞாயிறுகளில் கடைகள் மூடியிருக்கும் நாடு இது. அறையில் முடங்கிக் கிடப்பதைவிட அரங்கத்துக்குப் போவது எவ்வளவோ மேல்.

டிக்கெட்டைக் கிளப்பின் இணையதளத்தில் வாங்குங்கள். பெரிய நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்று 2009இல் வந்த சட்டப்படி டிக்கெட் ஆள் பெயரில்தான் வரும். பெயரோடு பெசெல் எண்ணும் (போலந்தின் தனிநபர் அடையாள எண்) கேட்பார்கள். அது இன்னும் வராதவர்கள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்கலாம். வாசலில் அடையாள ஆவணத்தைக் கேட்கும் வாய்ப்பு உண்டு, கையில் வைத்திருங்கள். நண்பருடைய டிக்கெட்டில் நீங்கள் நுழைவதெல்லாம் நடக்காது. கண்ணாடிப் பாட்டில், பெரிய பை, குடை இவற்றை வீட்டிலேயே வையுங்கள். உள்ளே விற்கும் பீர் 3.5 சதவீதத்துக்கு மேல் போகாது, அதிக ஆபத்து என்று வகைப்படுத்திய ஆட்டங்களில் அதுவும் கிடையாது. சைவக்காரர்கள் சாப்பிட்டுவிட்டே போங்கள். அங்கே மணக்க மணக்கச் சுடுவது பன்றித் தொத்திறைச்சி.

எங்கே உட்காருவது என்பதுதான் முக்கியம். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரி தீவிர ரசிகர்களுடையது. அங்கே 90 நிமிடமும் நின்றபடி பாட வேண்டும், படம் பிடித்தால் முறைப்பார்கள். தடை இருந்தும் தீப்பந்தங்கள் கொளுத்தும் இடமும் அதுதான். முதல் முறை போகிறவர் பக்கவாட்டு கேலரியில் நடுவரிசையில் வாங்குங்கள். அந்தக் கேலரியிலிருந்து அமைதியாகப் பார்ப்பவர்களைத் தீவிர ரசிகர்கள் "பிக்னிக்" என்று கேலி செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மைதானத்துக்குள் இறங்குவதும் வெடிப்பொருள் கொண்டுபோவதும் குற்றம். வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நம்மவர்கள், காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறும்படி எதையும் செய்துவிடக் கூடாது.

நிறத்தைப் பார்த்து உள்ளே ஒதுக்கிவிடுவார்களா என்றும் தனியாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். பக்கவாட்டு கேலரியில் குடும்பங்களும் தாத்தாக்களும்தான் அதிகம். கழுத்தில் ஊர் அணியின் துண்டு இருந்தால் பேச்சுக் கொடுப்பார்கள். கவனம் தேவைப்படுவது வெளியேதான். வெளியூர் ரசிகர்களைக் காவலர்கள் கூட்டமாக அழைத்துவரும் நேரத்தில் ரயில் நிலையத்தில் நிற்காதீர்கள். குடித்துவிட்டுக் கத்துபவர்களோடு ஒரே டிராம் பெட்டியில் ஏறாதீர்கள், அடுத்த வண்டி வரும்.

கேள்வி (கிராக்கோவிலிருந்து): என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் பாதிப் பேர் விஸ்வா, பாதிப் பேர் கிராகோவியா. இவன் விஸ்வா சட்டை கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: அக்கா, வாங்குங்கள், ஆனால் வீட்டிலும் அரங்கத்திலும் மட்டும் போடச் சொல்லுங்கள். இரண்டு கிளப்புகளும் 1906இல் பிறந்தவை. பிவோனியா புல்வெளியின் இரு பக்கமும் இரண்டு அரங்கங்கள், நடந்தே போகலாம். இந்தப் பகையை உள்ளூரில் "புனிதப் போர்" என்பார்கள். வேடிக்கைப் பெயர் என்று நினைக்க வேண்டாம், ரசிகர் கும்பல்களுக்கிடையே கத்திக்குத்தில் உயிர்கள் போன ஊர் அது. எந்தப் பேட்டை எந்த அணியுடையது என்று சுவர்க் கிறுக்கல்களைப் பார்த்தாலே தெரியும். தெருவில் போட்டுக்கொள்ளத் தேசிய அணியின் கழுகுச் சட்டை போதும், அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பையனின் ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே விஸ்வா 2024 மே 2ஆம் தேதி தேசியக் கோப்பையை வென்றது. வார்சா தேசிய அரங்கத்தில் பொகோன் ஷெச்சினுக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் நின்று, கூடுதல் நிமிடங்களில் சமன் செய்து, நீட்டிப்பு நேரத்தில் 2-1 என்று முடித்தது. அதே பருவத்தில் லீக்கில் மேலே ஏற முடியாமல் பத்தாவது இடத்தில் நின்றது என்பது வேறு கதை. அரங்கத்துக்கு அழைத்துப் போனால் குடும்பப் பகுதியில் டிக்கெட் கேளுங்கள். கிராகோவியாவோடு மோதும் நாளில் மட்டும் வேண்டாம்.

கேள்வி (க்தான்ஸ்கிலிருந்து, மாணவர்): வெளியூர் நண்பர்கள் அணிகளுக்குள் கூட்டணி இருக்கிறது என்கிறார்களே?

பதில்: உண்டு. ரசிகர்களுக்குள் பழைய நட்பும் பழைய பகையும் எழுதாத சட்டம்போல நிற்கின்றன. லெஹ், கிராகோவியா, ஆர்கா க்தின்யா ஒரு வட்டம். உங்கள் ஊர் லெஹியாவும் எங்கள் ஷ்லோன்ஸ்கும் நீண்ட நாள் நட்பு, அதனால் நீங்கள் பச்சை வெள்ளைத் துண்டோடு வ்ரோட்ஸ்வாஃப் வந்தால் வரவேற்பு உண்டு. அதே துண்டோடு பக்கத்திலிருக்கும் க்தின்யாவுக்கு ரயில் ஏறாதீர்கள்.

பிப்ரவரி ஆட்டத்துக்குப் போவதானால் கம்பளிக் காலுறை இரண்டு அடுக்கு, உட்கார ஒரு தடித்த துணி கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் நாற்காலி இருபது நிமிடத்தில் இடுப்புவரை உறைய வைத்துவிடும். வெளியூர்ப் பயணம் திட்டமிடுகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள்: பருவத்துக்கு முன்பே வரும் அட்டவணையில் எந்த வார இறுதி என்பது மட்டும்தான் உறுதி. நாளும் நேரமும் தொலைக்காட்சி வசதியைப் பார்த்துச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அறிவிக்கப்படும். அதுவரை ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.