ஈஎல்84: பழைய வால்வா, புதுசா?

ஹட்டன்_மூடுபனி:
வணக்கம். முல்லார்ட் என்ற பழைய பிரிட்டிஷ் வால்வு (வெற்றிடக் குழாய்) கம்பெனியின் 5-10 சுற்றுப்படி கட்டிய மோனோ ஆம்ப் ஒரு சோடி இருக்கு. ஒவ்வொன்றிலும் முதல் கட்டத்து ஈஎஃப்86, அடுத்த கட்டத்து ஈசிசி83, ஏசியை டீசியாக்கும் ரெக்டிஃபயர் ஈஇசட்81 ஒவ்வொன்று, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 இரண்டு. இடது பக்க ஆம்பில் ஒரு ஈஎல்84 கால் மணி நேரத்தில் தகடு சிவந்துபோகுது, சத்தமும் கரகரக்குது. அதன் கேத்தோடில் (எலக்ட்ரான் விடும் முனை, அதில் உள்ள ரெசிஸ்டர் 270 ஓம்) 17 வோல்ட், பக்கத்து வால்வில் 11. எச்.டி (வால்வுகளுக்குப் போகும் உயர் டீசி) 315 வோல்ட். கொழும்பில் முல்லார்டின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்த பழைய ஈஎல்84 சோடி ஒன்று விலைக்கு இருக்கு. அந்தக் காசுக்கு ஜேஜே கம்பெனியின் புது ஈஎல்84 மூன்று சோடி வரும். எதை வாங்கலாம்?

சோல்டர்_பண்டாரவளை:
இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. 17 வோல்ட்டை 270ஆல் வகுத்தால் 63 மில்லிஅம்பியர். ஸ்கிரீனுக்கு (வால்வுக்குள் உள்ள இரண்டாம் கிரிட்) போவதைக் கழித்தாலும் தகட்டில் 16 வாட் அளவில் எரியுது. ஈஎல்84 தாங்குவது 12 வாட்தான். புது வால்வைப் போட்டாலும் அதே இடத்தில் அதுவும் சிவக்கலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் பொறுங்க. பெரிய கெப்பாசிட்டரில் மீட்டரை வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கையை வையுங்க, 315 வோல்ட் ஆளைக் கொல்லும். பிறகு இரண்டு ஈஎல்84ஐயும் இடம் மாற்றிப் போடுங்க. சிவப்பு வால்வோடு போனால் வால்வில் கோளாறு. அதே சொக்கட்டில் நின்றால் அந்த கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) முன் கட்டத்திலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டர் டீசியைக் கசியவிடுது. உறுதிப்படுத்த, அந்த ஒரு வால்வை மட்டும் கழற்றிவிட்டு ஆம்பைப் போட்டு, சொக்கட்டின் 2ஆம் பின்னுக்கும் (அதுதான் கிரிட்) சேசிக்கும் (ஆம்பின் உலோகத் தட்டு) இடையே டீசி பாருங்க. பூச்சியம்தான் வரணும். கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்றால், 10 மைக்ரோஅம்பியர் கசிந்தாலே கிரிட் 4.7 வோல்ட் ஏறிவிடும், வால்வின் மின்னோட்டமும் கூடும். பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள் மலைநாட்டு ஈரத்தில் இப்படித்தான் போகும். அதே மைக்ரோஃபாரட்டில் 630 வோல்ட் பொலிப்ரொப்பிலீன் போடுங்க. ஒன்று போயிருந்தால் இரண்டு ஆம்பிலும் உள்ள நான்கையுமே மாற்றிவிடுவது நல்லது.

தலவாக்கலை_ஒலி:
மேலே சொன்னது சரி. வாங்கும் கேள்விக்கு என் கருத்து: ஈஎல்84 புதுசா வாங்குங்க, ஈஎஃப்86 பழசா தேடுங்க. ஈஎல்84 எப்பவும் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே சூடாக ஓடும், தேய்ந்துபோகிற சாமான் அது. அதற்குப் பழைய வால்வு விலை கொடுப்பது வீண். ஈஎஃப்86 இருப்பது முதல் கட்டத்தில், சின்ன மின்னோட்டத்தில் ஓடும், வருஷக்கணக்கில் உழைக்கும். அங்கே இரைச்சலும், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற குணமும் அப்படியே ஸ்பீக்கர் வரை பெருகும். பழைய ஐரோப்பிய ஈஎஃப்86க்கு அந்தக் காசைக் கொடுக்கலாம்.

பழசு வாங்கினால் கண்ணாடியில் இருக்கிற மை எழுத்தை நம்பாதீங்க, அதை யாரும் மறுபடி அச்சடிக்கலாம். பிளாக்பர்ன் வால்வில் கண்ணாடியின் அடிப்பக்கம் சின்னதாகப் பொறித்த குறி இருக்கும். இரண்டாம் வரி பி5டி2 என்றால்: பி பிளாக்பர்ன், 5 வருஷத்தின் கடைசி இலக்கம், டி நான்காம் மாதம், 2 இரண்டாம் வாரம். இப்போது கடையில் வரும் முல்லார்ட் பெயர் போட்ட புது வால்வு ரஷ்யாவின் சரத்தோவில் செய்தது. கெட்டது என்று சொல்லவில்லை, பழைய விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

விற்பவரிடம் ‘பாவிக்காதது’ என்ற வார்த்தையை அல்ல, இலக்கத்தைக் கேளுங்க. ஈஎல்84க்கு அனோட் (தகடு), ஸ்கிரீன் இரண்டும் 250 வோல்ட், கிரிட் மைனஸ் 7.3 என்று வைத்தால் 48 மில்லிஅம்பியர் ஓடணும்.

இன்னொன்று: ஈஇசட்81க்குப் பின்னால் வரும் முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. ஹம் (கரண்டின் உறுமல் சத்தம்) குறையட்டும் என்று 100 போட்டால் ரெக்டிஃபயருக்குள்ளேயே பொறி பறக்கும்.

நுவரெலியா_230வோல்ட்:
பின்களையும் பாருங்க. இந்தக் குளிரிலும் பனியிலும் அவை கறுத்துப்போகும். ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பஞ்சு கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடைக்கணும். சொக்கட்டின் ஓட்டைக்கு, பல் இடுக்குக்கு உள்ள சின்னப் பிரஷ் போதும். எழுத்துப் பக்கம் துணி படக் கூடாது, அழிந்துவிடும். வளைந்த பின்னை சொக்கட்டில் திணித்தால் அடிக்கண்ணாடி வெடித்துக் காற்று புகும். உச்சியில் வெள்ளி மாதிரி இருக்கிற கெட்டர் (மிச்ச வாயுவை உறிஞ்சும் பூச்சு) அப்போது பால் வெள்ளையாகிவிடும். அந்த வால்வைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எல்லா வால்வும் சொக்கட்டில் இருக்கும்போது ஈஎல்84இன் 4, 5ஆம் பின்களில் (வால்வைச் சூடாக்கும் ஹீட்டர்) ஏசி அளந்து பாருங்க. 6.3 வரணும். 6.7 வந்தால் ட்ரான்ஸ்போமரில் கரண்ட் வரும் வயரை 240 வோல்ட் டேப்புக்கு (இணைப்பு முனை) மாற்றுங்க. டேப் இல்லையென்றால் ஹீட்டர் வயர் இரண்டிலும் 0.1 ஓம், 2 வாட் ஒவ்வொன்று போடுங்க. ரெக்டிஃபயருக்குத் தனிச் சுற்று என்றால் மற்ற நான்கு வால்வும் சேர்ந்து 2 அம்பியர் எடுக்கும், 0.4 வோல்ட் இறங்கும்.

ஹட்டன்_மூடுபனி:
மாற்றிப் போட்டேன். சிவப்பு அதே சொக்கட்டில்தான். வால்வு இல்லாமல் 2ஆம் பின்னில் 8 வோல்ட். கெப்பாசிட்டரை மாற்றியதும் இரண்டு கேத்தோடும் 11.2, 10.9. சிவந்த வால்வை இனிப் பாவிக்கலாமா?

சோல்டர்_பண்டாரவளை:
அரை மணி நேரம் ஓட விட்டு, வால்வு உள்ளே இருக்கும்போதே 2ஆம் பின்னைப் பாருங்க. பூச்சியத்திலேயே நின்றால் பாவிக்கலாம். சூடேறச் சூடேற பொசிட்டிவ் பக்கம் ஏறிக்கொண்டே போனால் உள்ளே வாயு விட்டிருக்கு. அப்போது அந்தச் சோடியை மாற்றுங்க, ஜேஜே போதும்.